காலுக்குத் தெரிந்த அடி

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்தால் என் ரெக்கார்டிங் அறைக்கு ஒரு நடை வந்துபோவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எலக்ட்ரானிக் மியூசிக்குக்கு மவுசு கொறஞ்சு போச்சுங்கறாங்களே, நெசமாண்ணே? சின்னப் பசங்க இன்னும் கேக்குறாங்களா?"

கேட்பவர்கள் மனதில் இருப்பது லேசர் வெளிச்சமும் கோவா கடற்கரையும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அப்படி ஓர் ஆட்டக்கூடம் இருந்ததில்லை. ஆனால் மின்னொலிக்கு இளவட்டம் கூடிக் குதிக்கிற இடங்களுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி ஊர்வலம், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். தொண்ணூறுகளிலிருந்து இந்த இடங்களில் கீபோர்டுக்குப் பின்னாலும் எலக்ட்ரானிக் தாள பேடுக்குப் பின்னாலும் நின்று பிழைத்தவன் நான். மேடையிலிருந்து பார்த்தால் யார் ஆடுகிறார்கள், யார் நிற்கிறார்கள், எந்த இடத்தில் கூட்டம் கலைகிறது என்பது பளிச்சென்று தெரியும். அதை வைத்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

என் கைக்கு வந்த முதல் கருவி, வளைகுடாவில் வேலை பார்த்த சொந்தக்காரர் கொண்டுவந்த சின்னக் காசியோ. அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. பகலில் அவர் தூங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்பதால் ஹெட்போனில்தான் பழகினேன். அதில் ரிதம் பொத்தான்கள் வரிசையாக இருக்கும்: ராக், டிஸ்கோ, வால்ட்ஸ், சம்பா, போசா நோவா, ஸ்லோ ராக். பிரேசில் நாட்டு அடி இருந்தது, எங்கள் தெரு அடி இல்லை. நம் குத்துப்பாட்டும் கும்மியும் நையாண்டி மேளமும் பெரும்பாலும் ஆறு எட்டில் ஓடுபவை. மேடைக்காரர்கள் பாஷையில் 'சிக்ஸ் எய்ட்'. அதற்கு எல்லோரும் செய்த வேலை ஒன்றுதான். ஸ்லோ ராக்கைப் போட்டு டெம்போவை ஏற்றிக்கொண்டே போவது. ஒரு கட்டத்துக்கு மேல் அது மெல்ல நம் குத்துக்குக் கிட்டத்தில் வரும். முழுசாக வராது. மீதியை டோலக்காரரும் தவில்காரரும் பார்த்துக்கொள்வார்கள். கருவி எந்த நாட்டில் பிறந்தாலும் இங்கே பிழைக்க வேண்டுமென்றால் இந்த அடிக்கு வந்தாக வேண்டும் என்பது அந்தக் காசியோவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எலக்ட்ரானிக் இசையை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தது சினிமா. 1986இல் 'புன்னகை மன்னன்' வந்தது. சீக்வென்சர் வைத்து இளையராஜா செய்த பாட்டுகளைக் கேட்டு எங்கள் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதே வருஷம் 'விக்ரம்' வேறு. மேடையில் ஐந்தாறு பேர் சேர்ந்தும் அந்தச் சத்தம் கிட்டவில்லையாம். 1992இல் 'ரோஜா' வந்தபிறகு நிலைமை தலைகீழானது. கீபோர்டு இல்லாத குழுவுக்கு அட்வான்ஸ் கிடைப்பதே நின்றுபோயிற்று. சிவகாசியில் அடிக்கும் கச்சேரிச் சுவரொட்டியில் பாடகர் பெயருக்குக் கீழே கீபோர்டின் படத்தையும் போட ஆரம்பித்தார்கள். ரோலண்ட் கம்பெனியின் எக்ஸ்பி-80 கீபோர்டு வைத்திருக்கும் வாசிப்பாளர் என்றால் மாப்பிள்ளை மாதிரி மரியாதை. பிளாப்பியில் தயாராக வைத்திருக்கும் டோனை ஏற்றி 'என்னவளே'யின் முதல் ஸ்வரத்தைத் தொட்டதும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள், மனுஷன் எங்கிருந்து இந்தச் சத்தத்தை எடுக்கிறான் என்று.

அந்த வியப்புக்கு ஒரு விலை இருந்தது. வயலின் இரண்டு பேர், புல்லாங்குழல், அக்கார்டியன், ஷெனாய் என்று இருந்த குழுக்கள் சுருங்கின. எல்லாம் ஒரே ஆளின் இரண்டு கைக்குள் வந்துவிட்டது. கோயில்களிலும் இதே கதைதான். மோட்டார் வைத்த மின்சார மேளம் வந்தது. பூசாரி சுவிட்சைத் தட்டினால் முரசும் சேகண்டியும் மணியும் தானாக அடிக்கும். தீபாராதனைக்கு நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வேண்டியதில்லை என்றாகிவிட்ட சின்னக் கோயில்கள் எத்தனையோ. இங்கே இயந்திரத் தாளத்தை முதலில் கேட்டுப் பழகிய இடம் டிஸ்கோ கிடையாது, சன்னிதி. ஆனால் அந்த மின்சார மேளத்துக்கு யாரும் ஆடியதில்லை. அது அடிப்பது ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில். இயந்திரம் அடித்தால் மட்டும் போதாது, ஆளை அசைய வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எப்படி அசைய வைப்பது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உறுமி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தை நேர்க் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி இழுப்பார்கள். தோல் அதிர்ந்து உறுமும். எங்கள் பக்கத்தில் சாமி இறங்குவதற்கு உறுமி வேண்டும், தேவராட்டத்துக்கு உறுமிச் சாதி மேளம் வேண்டும். ஆனால் மேடையில் நாங்கள் வைத்திருந்த ரோலண்ட் எஸ்பிடி-20 பேடில் எட்டு ரப்பர் கட்டங்களும் நூற்றுக்கணக்கான ஒலிகளும் இருந்தன, உறுமி மட்டும் இல்லை. தபேலா கிடைக்கும், கொங்கா கிடைக்கும். அம்மன் பாட்டு வரும்போது கொங்காவை வைத்து ஒப்பேற்றுவோம். 2011இல் எஸ்பிடி-எஸ்எக்ஸ் வந்தது. அதில் நாமே பதிவுசெய்த ஒலியை ஏற்றிக்கொள்ளலாம். விலை எங்கள் சக்திக்கு மேல். ஒருவர் வாங்கினால் சுற்றுவட்டாரக் குழுக்களெல்லாம் வாடகைக்கு எடுத்துப் போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வயதான உறுமிக்காரர் ஒருவரை வரவழைத்தேன். மைக்கை இழுப்பு முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்தேன். குட்டி இழுப்பு, நீள இழுப்பு, மேலே ஏறும் இழுப்பு என்று தனித்தனியாக வெட்டி மூன்று கட்டங்களில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் அவற்றைத் தாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் அடிக்குச் சரியாக விழும்படி குவான்டைஸ் பண்ணிப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அடி சரியாத்தான் இருக்கு தம்பி. இழுப்பு பிந்தி வருதே."

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். நேர்க் குச்சி அடி, தொட்ட நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். இழுப்பு அப்படி இல்லை. அடிக்கு முன்னாலேயே புறப்பட்டு, அடி விழும்போது உச்சிக்கு வந்து சேரும். இயந்திரமோ ஒலித்துண்டின் ஆரம்பத்தைக் கொண்டுபோய் அடியில் வைக்கிறது. உச்சம் அதற்குப் பிறகு வருகிறது. காதுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆடுகிறவன் இடுப்புக்குத் தெரியும். உறுமி டிராக்குக்கு மட்டும் குவான்டைஸை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இழுப்பையும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். நீள இழுப்புக்கு அதிகமாக, குட்டி இழுப்புக்குக் குறைவாக. மறுபடி போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலில் விரல் தட்ட ஆரம்பித்தது. அந்தப் பதிவு இன்றைக்கும் எங்கள் வட்டாரத்துப் பேடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, யாருடைய கை என்று தெரியாமலே.

இதே உறுமி அதற்கு முன்பே கடல் தாண்டியிருந்தது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ., ரோலண்டின் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியை வைத்துப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தவர். 2007இல் வந்த 'கலா' தொகுப்புக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவுசெய்து, உலகமெங்கும் ஆட்டக்கூடங்களில் ஒலிக்கிற பாட்டுகளில் சேர்த்தார். எங்கள் கொடை விழாச் சத்தத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். இது எனக்கே பின்னால்தான் தெரியவந்தது, என்னிடம் வரும் ஒரு பையன் செல்போனில் போட்டுக் காட்டியபோது.

நடுவில் எங்கள் தொழில் சரிந்தது. ஒரே நாளில் நடந்த சரிவு இல்லை. ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விடிய விடியக் கச்சேரி என்று பேசி வாங்கிய சம்பளம் மூன்று மணி நேரச் சம்பளமானது. ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் விழாக்குழுக்கள் போகவேண்டி வந்தது. குழுவுக்கு ஆள் கூலி, வேன், சாப்பாடு என்று கணக்குப் பார்த்தவர்கள் 'டிராக்' பக்கம் திரும்பினார்கள். பாட்டின் இசை மட்டும் பென் டிரைவில் இருக்கும், இரண்டு பாடகர்கள் போதும். அடுத்து டிஜே வந்தார். பாடகரும் தேவைப்படவில்லை. 2020, 2021இல் கொரோனா வந்து திருவிழாக்களே நின்றபோது மிச்சமிருந்த குழுக்களும் கலைந்தன. என்னோடு கிடார் வாசித்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். டிரம்ஸ் வாசித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் நிற்கிறார். போனால் காசு வாங்காமல் கால் கிலோ பொட்டலம் கட்டித் தருவார்.

இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் எலக்ட்ரானிக் இசை முடிந்தது என்கிறார்கள். முடிந்தது எலக்ட்ரானிக் கருவியை மேடையில் வாசிக்கிற ஆளின் பிழைப்பு. அந்த ஒலி நிற்கவேயில்லை. மினி லாரியில் 18 இஞ்ச் பேஸ் பாக்ஸ்களை அடுக்கி, பின்னால் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு போகும் சவுண்ட் சர்வீஸ்காரருக்குப் பங்குனி, சித்திரை, ஆடியில் தேதி கிடைக்காது.

அந்த லாரிக்கு முன்னால் நடந்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். 2010க்குப் பிறகு கொஞ்ச காலம் டிஜேக்கள் வெளிநாட்டு இடிஎம் பாட்டுகளை அப்படியே போட்டுப் பார்த்தார்கள். நாலுக்கு நாலு தாளம், ஒரே சீராகக் கிக், நடுவில் எல்லாம் அடங்கி மெல்ல ஏறி, பிறகு மொத்தமாக விழும் அந்த 'டிராப்'. பையன்கள் கையைத் தூக்கினார்கள், விழும் இடத்தில் குதித்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். அடுத்த நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். விழாக்குழு அடுத்த வருஷம் கேரளத்திலிருந்து செண்டை மேளத்தைக் கூப்பிட்டது. செங்கோட்டை தாண்டினால் கேரளம், கூப்பிடு தூரம்தான். புத்திசாலி டிஜேக்கள் விழித்துக்கொண்டு, அதே கிக்கையும் அதே பேஸையும் ஆறு எட்டுக்கு மாற்றினார்கள். மேலே உறுமியும் பம்பையும் வந்து உட்கார்ந்தன. கூட்டம் திரும்பி வந்தது. ஆடத் தெரியாத பையனுக்கும் அந்த அடி தெரியும். அம்மா முளைப்பாரி சுமந்தபோது இடுப்பில் இருந்து கேட்ட அடி அது.

இப்போது என் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டாத பையன்கள், அபூர்வமாகப் பெண்பிள்ளைகள். யாரும் கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொடு என்று கேட்பதில்லை. லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு, "பேஸ் கலங்குதுண்ணே, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். அது 1997இல் பெல்ஜியத்தில் 'ஃப்ரூட்டிலூப்ஸ்' என்ற பெயரில் பிறந்த மென்பொருள். இப்போது செல்போனிலேயே ஓடுகிறது. "எயிட் ஓ எயிட் போடலாமா?" என்று கேட்பார்கள். ரோலண்ட் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற தாளப்பெட்டியின் கிக் அது. உண்மையான டிரம் மாதிரி இல்லை என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக விலை இறங்கி, காசில்லாத அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகள் கைக்கு வந்தபிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது.

ஒரு கருவிக்கு எப்போது வாழ்வு வரும் என்பதற்கு இந்தியாவிலும் இரண்டு கதை உண்டு. 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார்கள். சில வருஷம் சிலர் அதில் பதிவுகள் செய்தார்கள். அந்த நாடாக்கள் இசைத்தட்டாக வெளியே வந்தது 2023இல். 1982இல் பம்பாய் சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 808ஐயும் இன்னும் இரண்டு ரோலண்ட் பெட்டிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டுப் போட்டார். விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசைக்கு இவர் முன்னோடி என்று மேல்நாட்டில் கொண்டாடினார்கள். இரண்டுமே நல்ல முயற்சிகள். இரண்டிலும் கருவி நாலு பேர் கையோடு நின்றுபோயிற்று. எட்டாத விலையில் இருக்கும்வரை எந்தக் கருவிக்கும் இளைஞர் கூட்டம் சேராது. செல்போன் அந்தத் தடையை உடைத்துவிட்டது.

சத்திரப்பட்டியிலிருந்து ஒரு பையன் வருகிறான். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர், வீட்டிலேயே விசைத்தறி. ஒருநாள் ஒரு ஒலித்துண்டைப் போட்டான்.

"இது என்ன டிரம்முன்னு சொல்லுங்கண்ணே."

"எந்த பேக்லடா எடுத்த? உலோகம் மாதிரி இருக்கு."

"எங்க வீட்டுத் தறிண்ணே. நாடா அந்தப் பக்கம் போய் முட்டுற சத்தம். அம்மாவ ஊடே கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லி எடுத்தேன்."

தறி நிமிஷத்துக்கு நூறு அடிக்கு மேல் ஓடும். ஆட்ட இசையின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். அவன் அதை அப்படியே நாலு நாலாகப் போட்டிருந்தால் டெட்ராய்ட் பையன்கள் மோட்டார் தொழிற்சாலை ஊரில் நாற்பது வருஷத்துக்கு முன் செய்த டெக்னோவைப் போல இருந்திருக்கும். அவன் அப்படிப் போடவில்லை. ஒவ்வொரு தறி அடிக்கும் இடையில் இரண்டு சின்ன அடியை நுழைத்து ஆறு எட்டாக்கியிருந்தான். மேலே கும்மிப் பாட்டுக்காரப் பாட்டிகளின் குலவை. யாரிடமும் கற்றுக்கொண்டது இல்லை. அவன் தெருவில் கேட்டது அது.

டெக்னோ வேரூன்றிய பெர்லினில், 2024 மார்ச்சில், அந்த நகரத்து டெக்னோ பண்பாட்டை ஜெர்மனியின் மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் கலைக்கு வயதாகிவிட்டது என்று அங்கே சிலர் பயப்படலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு அந்தப் பயம் வராது. ஆண்டாள் கோயிலில், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிற அரையர் சேவை இன்னும் நடக்கிறது, கையில் தாளம் மட்டும் வைத்துக்கொண்டு. அதற்குக் கூட்டம் சேர்வது குறைவு, ஆனால் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்வரை அது நிற்கிறது. எலக்ட்ரானிக் இசைக்கு எங்கள் ஊரில் நேர்மாறான சிக்கல். கூட்டம் இருக்கிறது. செய்பவர்களும் தெருவுக்குத் தெரு வருகிறார்கள். அவர்கள் எடுத்துப் போடுகிற ஒலி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குள்ள கவலை.

பத்துக்கு எட்டுப் பையன்கள் இணையத்தில் இறக்கிய 'இந்தியத் தாள' தொகுப்புகளைப் போடுகிறார்கள். அதில் உறுமி என்ற பெயரில் ஒரு ஒலி இருக்கும். இழுப்பு இருக்காது, இருந்தாலும் குவான்டைஸ் பண்ணி நேராக்கியிருப்பார்கள். எல்லா ஊர் லாரியிலும் ஒரே உறுமி ஓடும். முதல் வருஷம் கூட்டம் ஆடும், அடுத்த வருஷம் சலிக்கும், மூன்றாம் வருஷம் மறுபடி செண்டை மேளத்துக்கு ஆள் போகும். மவுசு குறைந்ததாகச் சொல்வது பெரும்பாலும் இந்தச் சலிப்பைத்தான் என்பது என் எண்ணம்.

அதனால் என் அறையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மிக்ஸ் பண்ண வருகிறவன் தன் ஊர்ச் சத்தம் ஒன்றாவது தானே பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். தறி, பம்பை, குலவை, எதுவானாலும் சரி. வாசிக்கிறவரை வைத்துப் பதிவுசெய்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும், சினிமாவில் வாத்தியக்காரருக்குக் கொடுப்பதுபோல. முணுமுணுக்கிறார்கள். "ஃப்ரீயா கெடைக்கிறதுக்கு எதுக்குண்ணே காசு?" என்கிறார்கள். அப்புறம் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு உறுமிக்காரரை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர் ஒரு மணி நேரம் வாசித்தால் ஒரு வருஷத்துக்கான ஒலி கிடைக்கிறது. அந்தப் பாட்டு ஓடுகிற ஊர்வலத்தில் வித்தியாசம் தெரிகிறது, அடுத்த ஊர் விழாக்குழு அந்தப் பையனின் நம்பரைக் கேட்டு வாங்கிப்போகிறது.

எலக்ட்ரானிக் இசைக்குப் புது ரசிகர்கள் வருவார்களா என்று யாரும் இனி என்னைக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறவரை வருவார்கள். உறுமிக்காரர்தான் தானாக வரமாட்டார். அவரைத் தேடிப்போய்க் கூப்பிட்டு, சம்பளம் பேசி, மைக்குக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும்.